விருந்தாளி தந்த காசு

ஹொனலூலு நகரத்தில், வைகீகி பகுதிக்குள் நுழையும் இடத்தில் ஹவாய் மாநிலத்தின் மாநாட்டு மையம் நிற்கிறது. 1998-ல் திறந்த கட்டடம். உச்சியில் மரமும் செடியுமாக ஒரு மொட்டைமாடித் தோட்டம் உண்டு. பார்க்க அழகு. ஆனால் அந்த மொட்டைமாடி பல வருடங்களாக ஒழுகுகிறது.

2023 மே மாதத் தொடக்கத்தில் ஹவாய் சட்டமன்றம் அந்த ஆண்டுக் கூட்டத்தொடரை முடித்துக்கொண்டபோது, பட்ஜெட்டில் இந்த ஒழுகலை அடைக்க 6.4 கோடி டாலர் இருந்தது. மாநாட்டு மையத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஹவாய் சுற்றுலா ஆணையத்துக்கோ நடைமுறைச் செலவுக்கென்று ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. ஆணையத்தையே கலைத்துவிட்டு வேறோர் அமைப்பை வைக்கலாம் என்று வந்த மசோதாக்களும் கடைசி நாட்களில் இரு அவைக்கும் ஒத்துவராமல் கிடப்பில் விழுந்தன. மூடவும் இல்லை, சோறு போடவும் இல்லை. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் வந்துபோகும் மாநிலத்தில், சுற்றுலாவைக் கவனிக்கும் அமைப்புக்கு ஆளுநர் வேறு வழியில் பணம் தேடித்தர வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அந்தக் கட்டடமும் அந்த ஆணையமும் ஒரே பணத்தில் வளர்ந்தவை. ஹோட்டலில் தங்குகிறவரிடம் அறை வாடகையோடு சேர்த்து வாங்கும் வரிப் பணம். சட்டத்தில் அதற்கு நீளமான பெயர், உள்ளூரில் டி.ஏ.டி. என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுவார்கள். நாம் அறை வரி என்போம்.

வெளியூர்க்காரர் தலையில் விழும் வரியை எந்த ஊர் அரசியல்வாதியும் வெறுத்ததில்லை. கட்டுகிறவருக்கு அங்கே ஓட்டு கிடையாது. ஓட்டு இருக்கிறவருக்கு ரசீது வராது. அதனால்தான் ஹவாயில் இந்த வரியை ஏற்றுவது எப்போதும் சுலபமாக நடந்திருக்கிறது. வந்த காசை யார் பெட்டியில் வைத்துப் பூட்டுவது என்பதில்தான் நாற்பது வருடமாக அடிதடி.

கணக்கை ஒரு ரசீதிலிருந்தே பார்க்கலாம். 2026-ல் ஹவாயில் ஓர் இரவுக்கு 300 டாலர் வாடகை என்றால், மாநில அறை வரி 11 சதவீதம், கவுண்டி அறை வரி 3 சதவீதம், அதற்கு மேல் பொது விற்பனை வரி 4.712 சதவீதம். மொத்தம் 56 டாலர் சொச்சம். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. ஆனால் கலெக்டரின் இடத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் மன்றமும் இருக்கும். அந்த 56 டாலரில் ஒவ்வொரு சில்லறைக்கும் ஒரு சட்டமன்றச் சண்டை இருக்கிறது.

கட்டடத்துக்கென்று தொடங்கியது

ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமானது 1959-ல். ஜெட் விமானம் அங்கே வரத் தொடங்கியதும் அதே வருடம். அந்த ஆண்டு வந்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். 2019-ல் 1 கோடியே 4 லட்சம். மாநிலத்தின் மக்கள்தொகையே 14 லட்சம்தான். கரும்பும் அன்னாசியும் விளைந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூட, கடலோரத்தில் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன.

அறைக்கு வரி போடலாம் என்ற பேச்சை ஹோட்டல் முதலாளிகள் பல வருடம் தடுத்துப் பார்த்தார்கள். 1986-ல் சட்டம் நிறைவேறியது; 1987 ஜனவரி 1 முதல் 5 சதவீதம். பெரிய மாநாடுகளை ஈர்க்க ஒரு மையம் கட்ட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் வந்த வேகத்தில் கட்டடம் வரவில்லை. இடம் எது, யார் கட்டுவது என்று இழுத்து, நடுவில் 1994-ல் வரியை 6 சதவீதமாக்கி, கதவு திறக்கப் பதினோரு வருடமாயிற்று.

1990-களில் ஜப்பான் பொருளாதாரம் சுருங்கியது. ஜப்பானியப் பயணிகளை நம்பியிருந்த வைகீகி கடைகள் ஈயோட்டின. அப்போதுதான், 1998-ல், விளம்பரத்துக்கென்று நிலையான பணம் வேண்டும் எனச் சுற்றுலா ஆணையத்தை உருவாக்கி, அறை வரியை 7.25 சதவீதமாக்கினார்கள். அன்றைய பங்கீடு இப்படி: கவுண்டிகளுக்கு 44.8 சதவீதம், ஆணையத்தின் சுற்றுலா நிதிக்கு 37.9, மாநாட்டு மையத்துக்கு 17.3. கூட்டினால் சரியாக நூறு. மாநிலத்தின் பொதுக் கஜானாவுக்கு அதில் பங்கே இல்லை.

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இருபது வருடக் கதை, நான்காவதாக ஒரு கை எப்படி உள்ளே வந்து மற்ற மூன்றையும் தள்ளியது என்பதுதான்.

யார் கடலில் இறங்குவது?

ஹவாயின் நிர்வாக அமைப்பு அமெரிக்காவிலேயே கொஞ்சம் விசித்திரமானது. மாநில அரசு, அதற்குக் கீழே நடைமுறையில் நான்கு கவுண்டி அரசுகள், அவ்வளவுதான். ஹொனலூலு, மாவி, ஹவாய், கவாய். (கடைசி இரண்டும் எழுத்துப்பிழை அல்ல, மாநிலத்தின் பெயரைத் தாங்கிய பெரிய தீவு ஒன்று, கவாய் என்ற சின்னத் தீவு வேறொன்று.) கவுண்டிக்குக் கீழே நகராட்சியோ ஊராட்சியோ கிடையாது. பள்ளிக்கூடங்கள் முழுக்க மாநிலத்தின் கையில். மாநிலம் மொத்தத்துக்கும் ஒரே கல்வித் துறை. போலீஸ், தீயணைப்பு, குடிநீர், சாக்கடை, பூங்கா, கடற்கரை உயிர்காப்பாளர்கள் எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. கவுண்டிக்கு முக்கிய வருமானம் சொத்து வரி ஒன்றுதான்.

இப்போது ஒரு பயணி வருகிறார். வாடகைக் கார் எடுத்துக் கவுண்டிச் சாலையில் ஓட்டுகிறார். கவுண்டிப் பூங்காவின் கழிப்பறைக்குப் போகிறார். எச்சரிக்கைப் பலகையைப் படிக்காமல் அலையில் இறங்கி இழுபடுகிறார். கடலில் குதித்து அவரைத் தூக்கிவருபவர் கவுண்டிச் சம்பளக்காரர். அந்தப் பயணி ஹோட்டலில் கட்டிய அறை வரியோ, 2021 வரை, ஹொனலூலுவில் இருக்கும் மாநிலக் கருவூலத்துக்குப் போய், அங்கிருந்து சட்டமன்றம் மனம்வைத்தால் கவுண்டிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மேயர்கள் ஒவ்வோர் ஆண்டும் தலைமைச் செயலகத்துக்கு வந்து சட்டமன்றக் குழுக்களின் முன் உட்கார்ந்து சொல்லிவந்தது இதைத்தான்.

அந்தத் தலைமைச் செயலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க மாநிலங்களில் வழக்கமாகக் காணும் குவிமாடம் அதற்கு இல்லை. நடுமுற்றம் திறந்த வானம். சுற்றிலும் தென்னை போலத் தூண்கள், எரிமலைக் கூம்பு வடிவத்தில் இரண்டு சபைகள், கட்டடத்தைச் சுற்றிக் கடலைக் குறிக்கும் தண்ணீர்த் தொட்டி. அந்தக் ‘கடல்’ கீழ்த்தளத்துக்குள் கசிந்து, அதைப் பழுதுபார்க்கவே தனியாகச் செலவழிக்க வேண்டிவந்தது. ஒழுகலுக்கும் ஹவாய் அரசுக் கட்டடங்களுக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்.

சட்டமன்றத் தரப்புக்கும் ஒரு நியாயம் இருந்தது. பயணிகள் வரும் விமான நிலையம் மாநிலத்துடையது; துறைமுகம், நெடுஞ்சாலை, மாநிலப் பூங்காக்கள், காடுகள் மாநிலத்துடையவை. ஹோட்டலில் படுக்கை விரிக்கும் தொழிலாளியின் பிள்ளை படிக்கும் பள்ளியும் மாநிலத்துடையதே. சொத்து வரி என்ற தனிக் கருவியை வைத்துக்கொண்டு, அதை மிகக் குறைந்த விகிதத்தில் வைத்துவிட்டு, எங்களிடம் வந்து ஏன் கையேந்துகிறீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அமெரிக்காவிலேயே வீட்டுச் சொத்து வரி விகிதம் மிகக் குறைவான மாநிலம் ஹவாய் என்பது உண்மை.

சதவீதம் எண்ணாக மாறிய கதை

2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது மாநில பட்ஜெட்டில் பெரிய பள்ளம் விழுந்தது. 2009 ஜூலையில் அறை வரி 8.25 சதவீதம், 2010 ஜூலையில் 9.25 சதவீதம். ஏறிய இரண்டு சதவீதமும் நேராகப் பொது நிதிக்கு. இது தற்காலிக ஏற்பாடு, 2015-ல் முடிந்துவிடும் என்றார்கள். 2013-லேயே நிரந்தரமாக்கிவிட்டார்கள். தற்காலிகமாக வந்த வரி திரும்பிப் போனதாக எந்த நாட்டுக் கதையிலும் நான் படித்ததில்லை.

அதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை 2011-ல் நடந்தது. கவுண்டிகளின் 44.8 சதவீதப் பங்குக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள்: ஆண்டுக்கு 9.3 கோடி டாலர். தோப்பில் காய்ப்பு எவ்வளவு கூடினாலும் குத்தகைப் பணம் அதேதான் என்கிற ஏற்பாடு. நெருக்கடி தீர்ந்து பயணிகள் திரும்ப வந்தார்கள். ஹோட்டல் வாடகை ஏறியது. அறை வரி வசூல் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தது. கூடுதலாக வந்ததெல்லாம் மாநிலத்துக்கு. கவுண்டிகளுக்கு அந்த எண்ணோடு சரி. அதையும் நால்வர் பங்குபோட வேண்டும்: ஹொனலூலுவுக்கு 44.1 சதவீதம், மாவிக்கு 22.8, ஹவாய்த் தீவுக்கு 18.6, கவாய்க்கு 14.5.

மேயர்கள் கத்தியதில் சட்டமன்றம் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. மாநிலமும் கவுண்டிகளும் பயணிகளுக்காக எவ்வளவு செலவழிக்கின்றன என்று கணக்குப் பார்த்த அந்தக் குழு 2015 இறுதியில் ஒரு வழி சொன்னது. முன்னுரிமை ஒதுக்கீடுகள் போக மிஞ்சுவதில் மாநிலத்துக்கு 55, கவுண்டிகளுக்கு 45 என்று பிரித்துவிடுங்கள். வருடாவருடம் இந்தச் சண்டை வேண்டாம். சட்டமன்றம் கேட்டு வாங்கிய அறிக்கை. சட்டமன்றமே அதை ஏற்கவில்லை.

2017-ல் ரயில் வந்தது. ஓவாஹு தீவில் ஹொனலூலு நகரத்துக்கு மட்டும் ஓடவிருந்த மேம்பால ரயில். ஆரம்பத்தில் 500 கோடி டாலரைச் சுற்றியிருந்த மதிப்பீடு, ஏறக்குறைய இரு மடங்காகிக் கொண்டிருந்தது. பாதியில் நின்றுபோன தூண்களோடு நகரம் பணம் கேட்டு நின்றது. ஆகஸ்ட் இறுதியில் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டி, அறை வரியை 9.25-லிருந்து 10.25 சதவீதமாக்கினார்கள். 2018 ஜனவரி முதல் 2030 முடிய 13 ஆண்டுகளுக்கு அந்த ஒரு சதவீதம் ரயிலுக்கு. மொத்தம் 130 கோடி டாலர் தேறும் என்று கணக்கு.

வரி எல்லாத் தீவிலும் ஏறியது; ரயில் ஒரு தீவில் மட்டும். கவாயில் அறை எடுத்துத் தங்கும் பயணி, தான் பார்க்கப்போகாத ஒரு தண்டவாளத்துக்குப் பணம் கட்டினார். அந்தப் பயணி கலிஃபோர்னியாக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அறை வரிக்கு உள்ளூர், வெளியூர் தெரியாது. சொந்தத் தீவில் கிடைக்காத வைத்தியத்துக்காக ஹொனலூலு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, பக்கத்தில் அறை எடுத்துத் தங்கும் குடும்பமும் அதே வரியைத்தான் கட்டுகிறது. பிற தீவுகளின் உறுப்பினர்கள் கொதித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த அதே சட்டத்தில் ஓர் இனிப்பு வைத்தார்கள்: கவுண்டிகளின் பங்கு 9.3 கோடியிலிருந்து 10.3 கோடி டாலராக உயரும். இனி அது நிரந்தரம்.

அந்த ‘நிரந்தரம்’ நான்கு வருடம் தாக்குப்பிடித்தது.

2020-ல் கோவிட். ஒரு கோடியைத் தாண்டியிருந்த பயணிகள் 27 லட்சமாகச் சுருங்கினார்கள். ஆளுநர் டேவிட் இகே அவசரநிலை ஆணையின் மூலம் கவுண்டிகளுக்கான பட்டுவாடாவை நிறுத்திவைத்தார். 2021-ல் சட்டமன்றம் ஒருபடி மேலே போனது. கவுண்டிகளின் 10.3 கோடி ரத்து. சுற்றுலா ஆணையத்துக்கு அறை வரியிலிருந்து நேரடியாகப் போய்க்கொண்டிருந்த 7.9 கோடியும் ரத்து. அதற்குப் பதில் அந்த வருடத்துக்கு 6 கோடி, அதுவும் வாஷிங்டனிலிருந்து வந்த கோவிட் நிவாரணப் பணத்திலிருந்து. கவுண்டிகளே, உங்களுக்கு வேண்டுமானால் 3 சதவீதம் வரை தனியாக அறை வரி போட்டுக்கொள்ளுங்கள்.

இகே இதை மறுத்தார். ஆளுநர் என்றதும் நம் ஊர் ராஜ்பவன் நினைவுக்கு வர வேண்டாம். அமெரிக்க மாநில ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர், கிட்டத்தட்ட நம் முதல்வர். சட்டமன்றம் நிறைவேற்றியதை அவர் திருப்பி அனுப்பலாம். ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்தால் அவர் மறுப்பைத் தூக்கிப் போடலாம். 2021 ஜூலை 6 அன்று, 51 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 25 பேர் கொண்ட செனட்டும் கூடி அதைத்தான் செய்தன. அவர்களில் பெரும்பாலோர் ஆளுநரின் சொந்தக் கட்சியான ஜனநாயகக் கட்சியினர். ஹவாயில் எதிர்க்கட்சி என்பது பெயருக்குத்தான்; அதனால் சண்டைகள் கட்சிக்கு உள்ளேயே, நிதிக் குழுத் தலைவருக்கும் ஆளுநருக்கும், தீவுக்கும் தீவுக்கும் நடக்கின்றன.

ஆறு மாதத்துக்குள் நான்கு கவுண்டிகளும் 3 சதவீதத்தைப் போட்டுவிட்டன. கவாய் அக்டோபரில், மாவி நவம்பரில், ஹொனலூலு டிசம்பரில், ஹவாய்த் தீவு 2022 ஜனவரியில். மாநிலம் தன் 10.25-ல் ஒரு பைசா குறைக்கவில்லை. பங்கு கேட்டவர்களுக்குப் பங்கைக் கொடுக்காமல், ‘நீயும் ஒரு உண்டியல் வைத்துக்கொள்’ என்று சொல்லிச் சண்டையை முடித்தார்கள். விருந்தாளியின் சட்டைப்பையில் இரண்டு கைகள் நுழைந்தன. எனக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு: முடிவு மோசமில்லை. கவுண்டிகள் இனி யாரிடமும் கையேந்த வேண்டாம். வந்த விதம்தான் மோசம்.

பூட்டினாலும் திறந்தாலும்

சுற்றுலா ஆணையத்தின் கதையை அனுதாபத்தோடு மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. சட்டம் தந்த பூட்டிய பெட்டி இருபது வருடம் அதனிடம் இருந்தது. வருடாவருடம் சட்டமன்றத்தின் முன் கணக்கு ஒப்பிக்காமலேயே பணம் வரும். 2018 பிப்ரவரியில் மாநிலத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை, ஒப்பந்ததாரர்கள் மேல் ஆணையம் வைத்த கண்காணிப்பு தளர்வு என்று கடுமையாகவே எழுதியது. ரசீது சரிபார்க்காமல் பணம் போனது, விளம்பரத்தை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தது எல்லாம் அதில் வந்தன. சட்டமன்றத்தில் ஆணையத்தின் எதிரிகளுக்கு அன்று கிடைத்த ஆயுதம் இன்றுவரை மழுங்கவில்லை.

விளம்பரமே எதற்கு என்ற கேள்வியும் வலுத்தது. ஆணையம் தானே நடத்திய உள்ளூர் மக்கள் கருத்துக் கணிப்பில், ‘இந்தத் தீவு உள்ளூர்க்காரர்களைப் பலிகொடுத்துப் பயணிகளுக்காகவே நடத்தப்படுகிறது’ என்ற கூற்றை மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆட்களை வரவழைக்கப் பணம் செலவழித்து, வந்தவர்களால் நசுங்கும் கடற்கரைக்குப் பணம் இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? 2020-ல் ஆணையத்துக்குத் தலைமையேற்ற ஜான் டி ஃபிரீஸ் பூர்வ ஹவாய் இனத்தவர். அந்த நாற்காலிக்கு வந்த முதல் பூர்வகுடி. ‘மாலமா’ என்ற ஹவாய்ச் சொல்லை, அதாவது பேணுதல் என்ற பொருளை, அவர் விளம்பரத்தின் மையத்தில் வைத்தார். வாருங்கள் என்று அழைப்பதோடு, வந்தால் ஒழுங்காக இருங்கள் என்றும் சொல்லும் விளம்பரம்.

அமெரிக்கப் பயணிகளுக்கான விளம்பர ஒப்பந்தத்தைப் பல பத்தாண்டுகளாக வைத்திருந்தது ஹவாய் பயணிகள் மற்றும் மாநாட்டுப் பணியகம். 2022-ல் அது பூர்வ ஹவாய் மக்கள் முன்னேற்றக் கவுன்சிலிடம் போனது. பழைய அமைப்பு ஆட்சேபித்தது, ஒப்பந்தம் ரத்தாயிற்று, மறு ஏலம், பிறகு இரண்டாகப் பிரித்து விளம்பரம் பழையவரிடமும், பேணுதல் பணி புதியவரிடமும் போக ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. 2023-ல் ஆணையத்துக்கு ஒரு டாலர்கூட ஒதுக்காத பட்ஜெட் இந்தக் குழப்பத்தின் தொடர்ச்சிதான். அந்த செப்டம்பரில் டி ஃபிரீஸ் விலகினார். 2025-ல் வந்த சட்டம் ஆணையத்தின் இயக்குநர் குழுவை வெறும் ஆலோசனைக் குழுவாக்கி, அதிகாரத்தை ஆளுநர் பக்கம் நகர்த்தியது.

பெட்டியைப் பூட்டிக் கொடுத்தால் வைத்திருப்பவர் அலட்சியமாகிறார். திறந்து வைத்தால் நிதிக் குழு அள்ளிக்கொள்கிறது. ஹவாய் இரண்டையும் செய்து பார்த்துவிட்டது.

கவாய் சொன்ன மூன்றாவது வழி

தமிழ்நாட்டில் கவாய் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் கோயில் மூலமாகத்தான் கேட்டிருப்பார்கள். வைலுவா ஆற்றங்கரையில் கவாய் ஆதீனம் எழுப்பிய இறைவன் கோயில், கணபதி ஸ்தபதி வரைந்தது. பெங்களூரு அருகே கையுளியால் செதுக்கிய கருங்கற்களைக் கப்பலில் ஏற்றி, நம் சிற்பிகள் அங்கே போய்ப் பொருத்தினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் நடந்த வேலை. 2023 மார்ச்சில் குடமுழுக்கு. அதைப் பார்க்கப் போய் ஹோட்டலில் தங்குகிற திருநெல்வேலிக்காரரும் அறை வரி கட்டித்தான் வருகிறார்.

அதே தீவின் வடகரையில், 2018 ஏப்ரல் 14, 15 தேதிகளில், வைபா என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குலம் மழை பெய்தது. 1,262 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு வருடத்தில் பெய்யும் மழை கிட்டத்தட்ட முழுவதும் ஒரே நாளில் கொட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் 24 மணி நேர மழை அளவில் அதுதான் உச்சம். மலை சரிந்து, வடகரைக்குப் போகும் ஒரே சாலை மூடியது. சாலையின் கோடியில் ஹாஎனா மாநிலப் பூங்கா. கலாலாவு மலைப்பாதை தொடங்குமிடம். வெள்ளத்துக்கு முன்பு நாளுக்குச் சுமார் 3,000 பேர் வந்து, சாலையோரம் முழுக்க வண்டியை நிறுத்தி, உள்ளூர்க்காரர் தன் வீட்டுக்குப் போக வழியில்லாமல் செய்துவைத்திருந்தார்கள்.

சாலை மூடியிருந்த பதினான்கு மாதத்தில் வடகரை மக்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். வளைகுடா அமைதியாயிற்று, மீன் திரும்பியது, பிள்ளைகள் சாலையில் விளையாடினார்கள். 2019 ஜூனில் பூங்கா மறுபடி திறந்தபோது பழைய கூட்டம் திரும்பவில்லை. நாளுக்கு 900 வெளியூர்ப் பயணிகள் மட்டும், முன்பதிவு கட்டாயம், வண்டி நிறுத்தக் கட்டணம், அல்லது பேருந்து. ஹவாய்வாசிகளுக்கு அடையாள அட்டையைக் காட்டினால் இலவசம். நிறுத்துமிடத்தையும் பேருந்தையும் நடத்துவதில் அந்த ஊரின் பூர்வ குடும்பங்கள் சேர்ந்த அமைப்புக்குப் பங்கு உண்டு. பழைய சேப்பங்கிழங்கு வயல்களை அவர்கள் மீட்டெடுத்து வளர்க்கிறார்கள்.

அறை வரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இங்கே காசு எந்த மண்ணில் வாங்கப்படுகிறதோ அதே மண்ணில் கொட்டப்படுகிறது. நடுவில் தலைமைச் செயலகம் இல்லை. ஆனால் இது ஒரு வாசல், ஒரு சாலை உள்ள இடத்தில்தான் நடக்கும். வைகீகிக்கு வேலி போட முடியாது.

தீக்குப் பிறகு

2023 ஆகஸ்ட் 8 அன்று மாவித் தீவின் லஹைனா எரிந்தது. ஹவாய் முடியரசின் பழைய தலைநகரம் அது. 102 பேர் இறந்தார்கள். கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் மண்டிக் காய்ந்திருந்த அந்நியப் புல் தீயை ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தது. வீடிழந்த ஆயிரக்கணக்கானவர்களை அரசு கடற்கரை ஹோட்டல்களில் தங்கவைத்தது. யாருக்காகவோ கட்டிய அறைகளில் அந்த ஊரின் சொந்தக்காரர்கள் மாதக்கணக்கில் குடியிருந்தார்கள்.

ஆளுநர் ஜாஷ் கிரீன் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த டாக்டர். பயணிகளிடம் தலைக்கு 50 டாலர் வாங்கிச் சுற்றுச்சூழலுக்குச் செலவிடலாம் என்று தேர்தல் சமயத்திலேயே சொன்னவர். அவர் பெயரும் கிரீன், திட்டத்தின் பெயரும் ‘கிரீன் ஃபீ’, கேலிக்குப் பஞ்சமில்லை. வெளிமாநிலத்தார் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவது நாட்டுக்குள் தடையின்றிப் பயணம் செய்யும் உரிமைக்கு எதிராகுமே என்று வழக்கறிஞர்கள் கேட்டார்கள். 2023-ல் அது சட்டமன்றத்தைத் தாண்டவில்லை. 2024-ல் தலைக்கு 25 டாலர் என்று இறங்கிவந்தார், அதுவும் தாண்டவில்லை. மூன்றாவது வருடம் புதுக் கட்டணம் என்ற பேச்சையே விட்டுவிட்டு, பழைய அறை வரியில் முக்கால் சதவீதம் ஏற்றும் மசோதாவாக அது வந்தது. யாரும் யாரையும் வாசலில் நிறுத்த வேண்டியதில்லை. 300 டாலர் அறைக்கு இரண்டேகால் டாலர் கூடுதல். தீக்குப் பிறகு ஹோட்டல் தொழிலின் ஒரு பகுதியே ஆதரவாகப் பேசியது. 2025 மே 27 அன்று கிரீன் கையெழுத்திட்டார். 11 சதவீதம், 2026 ஜனவரி 1 முதல். சொகுசுக் கப்பல் பயணிகளுக்கும், கப்பல் ஹவாய்த் துறைமுகத்தில் நிற்கும் நாட்களுக்கு ஏற்ப அதே வரி. ஆண்டுக்கு 10 கோடி டாலர் வரும் என்று மதிப்பீடு. காட்டுத்தீ தடுப்பு, அரித்துப்போகும் கடற்கரை, பவளப்பாறை, காடு ஆகியவற்றுக்கு.

இங்கேயும் உள்ளே புகுந்து பார்த்தால் பழைய வாசனை வருகிறது. இந்தப் பணத்துக்குத் தனிப் பெட்டி வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் கேட்டன. நிறைவேறிய சட்டத்தில் பணம் பொது நிதிக்குத்தான் போகிறது. அதற்கு ஈடான தொகையை ஒவ்வொரு வருடமும் சுற்றுச்சூழல் பணிகளுக்கு பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எங்கே செலவிடலாம் என்று பரிந்துரைக்க ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. முடிவு வழக்கம்போல நிதிக் குழுக்களின் கையில். நல்ல வருடத்தில் சொன்னபடி நடக்கும். பயணிகள் குறைந்து பட்ஜெட்டில் மறுபடி பள்ளம் விழும் வருடத்தில், ஒரு பவளப்பாறைக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் நடுவே உட்காரும் உறுப்பினர் எந்தப் பக்கம் கை தூக்குவார் என்பது 2009-லும் 2011-லும் 2021-லும் பார்த்ததுதான். அவரைக் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை.

கப்பல் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. துறைமுகத்துக்கு வந்து நிற்பதற்காகக் கப்பல் மீது மாநிலங்கள் தன்னிச்சையாக வரி போடக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வாதாடினார்கள். ஹொனலூலு நீதிபதி தடை தர மறுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 டிசம்பர் 31 அன்று, வரி அமலாவதற்குச் சில மணி நேரம் முன்பு, மேல்முறையீடு முடியும்வரை கப்பல்களிடம் வசூலிக்கத் தடை போட்டது. ஹோட்டல் அறைகளுக்கு மட்டும் புத்தாண்டு அன்று 11 சதவீதம் தொடங்கியது.

1986-ல் இந்த வரிக்கே காரணமாக இருந்த மாநாட்டு மையத்தை, மொட்டைமாடியைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவதற்காக, இரண்டு வருடம் மூடிவைப்பதாக முன்பே அறிவித்திருந்தார்கள். மூடும் மாதம்: 2026 ஜனவரி.